முப்பது கிலோமீட்டர்

இப்போதெல்லாம் தூரம் கேட்டால் ஒருத்தனும் மைல் சொல்வதில்லை, நிமிஷம் சொல்கிறான். அந்த நிமிஷமும் பொய். ஓட்டப்பிடாரம் பஸ் 'இந்தா வந்துரும்' என்றார்கள். சுடலைமாடனுக்கு இரண்டு பீடி தீர்ந்துவிட்டது. கையில் நேற்று வாங்கிய கடம்பூர் போளிப் பொட்டலம். நக இடுக்கில் காலையில் பாசிப்பயறு பறித்த கரிசல் மண்.

மகள் பேபி மெட்ராஸில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறாள். ஊருக்கு வந்து இரண்டு வருஷம். நேற்று பக்கத்து வீட்டு உமாதேவியின் போனில் பேசினாள்.

"யப்பா, நாளைக்கு எங்க வீட்டம்மாகூட பிளேன்ல வாரேன். பத்தரைக்கு ஏறுனா பன்னண்டுக்கு வாகைக்குளம். அங்கனருந்து காருல கன்னியாகுமரி போயிருதோம். வாசல்ல நின்னியன்னா ஒரு நிமிஷம் பாத்துக்கிடலாம்."

"எத்தன தூரம்ட்டி?"

"அறுநூறு கிலோமீட்டராம்."

"எவன் அளந்தான்? வானத்துல மைல்கல் நட்டிருக்கானாக்கும்?"

ஒருதடவை அவர் மெட்ராஸ் போயிருக்கிறார். பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம், கால் வீங்கிப்போனது. பிளேன் வேகம்தான், அதற்காகப் பாதி என்று வைத்தாலும் ஆறு மணி நேரம். பத்தரைக்கு ஏறினால் நாலரை. அரைநாள் வேலையை விட மனசில்லை. பயறு பறித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இரண்டு பஸ் மாறி, ரோடு பிரியும் விலக்கில் இறங்கி நடந்து வாகைக்குளம் விமான நிலைய வாசலுக்கு வந்தபோது மணி இரண்டரை. முந்தியே வந்துவிட்ட திருப்தியோடு, கார்களுக்குச் சீட்டுக் கொடுக்கும் இசக்கிமுருகனிடம் போனார்.

"தம்பி, மெட்ராஸ் பிளேன் எங்கன வந்து நிக்கும்?"

"அது பன்னண்டுக்கே வந்துட்டுல்லா தாத்தா. ஆள ஏத்திட்டுத் திரும்பியும் போயிட்டு."

"பத்தரைக்குக் கெளம்புனதா? பஸ்காரன் மாதிரியே புளுகுதியே. எம் மவ வாரா. கைப்பிள்ள வச்சிருப்பா."

இசக்கிமுருகன் சீட்டுக்கட்டைக் கீழே வைத்தான்.

"பச்சச் சேலையா? அந்தத் தூணுகிட்ட நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தாவ. காருலருந்து ரெண்டுதடவ ஆரன் அடிச்சாவ. பெறவு ஓடிப்போயி ஏறிட்டாவ."

சுடலைமாடன் தூணைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை.

"பச்சச் சேல ஊருல ஒருத்திதான் கட்டுதாளோ?"

"நீங்க எங்கருந்து வாரிய? எப்பக் கெளம்புனிய?"

"ஓட்டப்பிடாரத்துக்கு மேக்க. பன்னண்டுக்கு வந்து ரோட்டுல நின்னேன்."

"முப்பது கிலோமீட்டரு இருக்குமா?"

"இருக்கும். அதுக்கே எனக்கு ரெண்டர மணி நேரம் ஆயிருக்கு. அவ அறுநூறு தாண்டி வரணும்லா. கணக்கு தெரியாதவங்கிட்டப் போயி சொல்லு."

சுடலைமாடன் அவனை விட்டு நடந்தார். வேலியோரம் ஒரு உடைமரத்து நிழல் இருந்தது. போளியில் வெயில் படாதபடி துண்டால் மூடிக்கொண்டே அந்த நிழலுக்குப் போனார். போகும்போதே வடக்கு வானத்தை ஒருதடவை அண்ணாந்து பார்த்தார். நாலரைக்கு இன்னும் நேரம் கிடந்தது.