டோரீனின் பத்து கஜம்

1

இந்தக் கதை ஒரு தேர்தல் துண்டறிக்கையாகத்தான் பிறந்தது. அதை எழுதித் தரச் சொல்லி டோரீன் பிட்ஹிர்னி என் மருந்துக்கடைக்கு வந்தபோது நான் சாமர்த்தியமாக மறுத்திருக்கலாம்.

"நீ உன் பாஷையில கதையெல்லாம் எழுதுவியாமே. இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுத என்ன கேடு உனக்கு?" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் அவருடைய தம்பி மெர்வ் உள்ளே வந்துவிட்டார். வேட்பாளரின் தம்பி தலையில் தர்பூசணியோடு நுழைந்த பிறகு ஒரு துண்டறிக்கை எப்படி உருப்படும்? வேறு நான்கு வரிகள் எழுதிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நானே வைத்துக்கொண்டேன். நீங்கள் படிப்பது அந்த மிச்சம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"சஸ்காச்சுவான் மாகாணத்தின் முடிவற்ற வானத்தின் கீழே, கோதுமைக் கடல் அலையடிக்க" —

வேண்டாம். இந்த வானத்தின் கீழே இருபது வருடத்துக்கு மேலாக மாத்திரை விற்கிறேன். அதை அண்ணாந்து பார்த்து இப்படியெல்லாம் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்தது:

"கனடிய ஃபுட்பால் நூற்றுப்பத்து கஜ நீள மைதானத்தில், அணிக்குப் பன்னிரண்டு பேராக" —

இதைப் படித்த என் மனைவி வசுமதி, "பரீட்சைக்கு உருப்போடுற மாதிரி இருக்கு" என்றாள். இதுவும் போகட்டும்.

(ஆனால் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். பெயரில் கால் இருந்தாலும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் இது. எதிர்முனைக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன். பத்து கஜம் முன்னேற மூன்று முயற்சிகள்தான் உண்டு; ஒவ்வொன்றும் ஒரு 'டவுன்'. தெற்கே அமெரிக்காவில் நான்கு. அந்த ஒரு முயற்சியைப் பற்றி இங்கே யாரிடமும் இளக்காரமாகப் பேசிவிடாதீர்கள். இன்னொன்று: கம்பங்களுக்கு நடுவே போகட்டும் என்று உதைத்த பந்து குறிதவறிப் பின்னெல்லையைத் தாண்டி ஓடினாலும், உதைத்தவர்களுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். தவறவிட்டதற்கும் ஒரு புள்ளி! இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு உடனே பிடித்துப்போன சட்டம் அதுதான்.)

மூன்றாவது தொடக்கம் நிற்கிறது. செப்டம்பரில் ஒரு காலை டோரீன் கடைக்குள் வந்து, ரத்த அழுத்தம் பார்க்கிற இயந்திரத்துக்குள் கையை நுழைத்தார். எண்ணைப் பார்த்து எனக்கே படபடத்தது.

"என்ன டோரீன், மாத்திரை போடலையா?"

"போட்டேன்."

"உப்பு ஜாஸ்தியா?"

"உப்பெல்லாம் இல்ல. ஃபுட்பால் லீக்குக்காரனுங்க. மைதானத்துல பத்து கஜத்தை வெட்டப் போறானுங்களாம். கம்பத்தைப் பின்னால தள்ளுறானுங்களாம். பந்து வெளிய ஓடினா இனிமே புள்ளி கிடையாதாம். என் பிரஷரை லீக் ஆபீசுக்கு அனுப்பு, பாக்கட்டும்."

3

டோரீன் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். பனிக்காலத்தில் தோள்வரை கையைப் பசுவுக்குள் விட்டுக் கன்றுகளை இழுத்துப் போட்டவர். அதனால் எவரிடமும் எதைப் பேசவும் கூச்சப்பட்டதில்லை. அவர் தம்பி மெர்வ் விதை சுத்திகரிப்பு ஆலை நடத்துகிறார். ஆளுங்கட்சியின் வட்டாரத் தலைவரும் அவர்தான். அக்கா ஆயுள் முழுக்க எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். தேர்தல்தோறும் இருவரும் ஒரே வண்டியில் போய், ஒருவர் ஓட்டை மற்றவர் ஓட்டால் ஈடுகட்டிவிட்டு, திரும்பும் வழியில் பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை என்கிற பலகாரம் சாப்பிடுவார்கள்.

ஆட்ட நாளில், மைதானம் இருக்கும் ரெஜைனா நகரத்துக்கு இரண்டு மணி நேரப் பயணம். டோரீனின் வண்டியில் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். ஓட்டுவது அக்கா, கதவோரம் தம்பி, நடுவில் நான். வண்டிக்குள் அரசியல் கூடாது என்பது சட்டம். நான்தான் எல்லைக்கோடு.

அறிவிப்பு வந்த வாரத்துச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து திரும்பினோம். பிற்பகல் வெயில். நம் பச்சை அணி தோற்றிருந்தது. மெர்வ் பச்சைச் சட்டை போட்டு, ரசிகர்கள் வழக்கப்படி குடைந்த தர்பூசணியைத் தலைக்கவசமாகக் கவிழ்த்திருந்தார்.

"பத்து கஜம் குறைஞ்சாத்தான் என்ன?" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"என்ன சொன்ன?"

"டச்டவுன் கூடும். சின்னப் பசங்க பாப்பாங்க. என் பேத்தி இன்னிவரைக்கும் ஒரு ஆட்டம் முழுசா உக்காந்து பாத்ததில்ல."

"உன் பேத்தி சோத்து முன்னாடியும்தான் முழுசா உக்காந்ததில்ல. அதுக்காக டைனிங் டேபிளை அறுத்துருவியா?"

"காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும் டோரீன்."

"ஆமாமா. பஸ்ஸை நிறுத்தும்போது உங்க கட்சியும் இதைத்தான் சொல்லிச்சு."

எல்லைக்கோட்டைத் தாண்டியாகிவிட்டது. நான் கியரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வண்டிய நிறுத்து."

"நிறுத்தினா?"

"நடந்து வர்றேன்."

"ஊருக்கு நாப்பது கிலோமீட்டர்டா, மடையா."

"எனக்குத் தெரியும். இந்த ரோட்டுல நான் பொறந்ததிலிருந்து வர்றேன்."

நிறுத்தினார். மெர்வ் இறங்கி, தர்பூசணியைக் கழற்றாமலே நெடுஞ்சாலை ஓரமாக விறுவிறுவென்று நடந்தார். டோரீன் விளக்குகளைச் சிமிட்டவிட்டு ஆமை வேகத்தில் பின்தொடர்ந்தார். கடந்துபோன கார்களெல்லாம் ஏதோ கொண்டாட்டம் என்று ஹாரன் அடித்தன. மெர்வுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஒவ்வொரு ஹாரனுக்கும் கையசைத்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கடைசியில் ஒரு பன்றி லாரி நின்று அவரை ஏற்றிக்கொண்டது.

"பொருத்தமான துணை" என்றார் டோரீன். ஆனால் ஊர் வரும்வரை அந்த லாரியை முந்தாமல் அதன் பின்னாலேயே ஓட்டினார்.

4

இந்த இடத்தில் எனக்கு டோரீன் மேல் ஒரு சந்தேகம் வந்தது. மனுஷியாக அல்ல, கதாபாத்திரமாக. ஆட்டச் சட்டத்தை மாற்றியதற்காக யாராவது சட்டமன்றத் தேர்தலில் நிற்பார்களா? நம்பும்படியாக இருக்க அவருக்கு வேறு காரணம் ஏதாவது—ஒரு பழைய காதலன், ஆட்டக்காரனாக—

(எழுதிப் பார்த்தேன். டோரீனிடம் இங்கிலீஷில் சொன்னேன். "ஆட்டக்காரன்னா எந்த இடத்துல ஆடுறவன்?" என்று மட்டும் கேட்டார். எடுத்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். அந்த மாதமே எங்கள் தொகுதி உறுப்பினர் வேறு வேலைக்குப் போக ராஜினாமா செய்தார். இடைத்தேர்தல் வந்தது. டோரீன் சுயேச்சையாக மனுக் கொடுத்தார்.

"லீக் முடிவுக்கும் மாகாண அரசாங்கத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன்.

"மைதானம் கட்டினதுல நம்ம வரிப்பணம் இருக்கா இல்லையா? அப்ப தரையில ஒரு துண்டு நம்மது. அதை நான் குடுக்க மாட்டேன்."

எதிர்க்கட்சிக்காரர்கள் ஓட்டுப் பிரியும் என்று கெஞ்சினார்கள். கேட்கவில்லை. அக்டோபரில் நன்றியறிதல் பண்டிகை விருந்தன்று டோரீன் வீட்டில் மெர்வின் நாற்காலி காலியாகக் கிடந்தது. வான்கோழியை நறுக்கும் வேலை எப்போதும் அவருடையது. நான் நறுக்கினேன், பார்க்கச் சகிக்கவில்லை. டோரீன் ஒரு பாத்திரத்தில் முட்டைக்கோஸ் சுருள்களை அடுக்கி, "வழியில அவன்கிட்ட குடுத்துரு. நான் குடுத்தேன்னு சொல்லாத" என்றார். மறுநாள் மெர்வ் பாத்திரத்தைக் கழுவி என் கடையில் வைத்தார். "யாரு குடுத்தான்னு தெரியல, நல்லாத்தான் இருந்துச்சு. உப்பு கம்மி."

உப்புக் குறைக்கச் சொன்னது நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

5

வேட்பாளர் கூட்டம், பனித்தரையில் கல் சறுக்கி ஆடுகிற கர்லிங் அரங்கத்தின் மேல்மாடியில் நடந்தது. ஊரே வந்திருந்தது. ஆளுங்கட்சி வேட்பாளர் டிரென்ட் ஆல்ஸ்டாட், காப்பீட்டு முகவர். (முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதியிருந்தேன். வசுமதி சம்மதிக்கவில்லை: "வீட்டுல பச்சைக் குழந்தை ரெண்டு, இரட்டை. அந்தாளு தூங்கி எத்தனை நாளோ?" திருத்திவிட்டேன். டிரென்ட் நல்லவர். களைத்தவர்.)

முன்வரிசையில் மெர்வ், சட்டையில் கட்சி பேட்ஜுடன். கேள்வி நேரம் வந்ததும் எழுந்தார்.

"டாக்டர் பிட்ஹிர்னி அவர்களே, சட்டமன்றத்துல ஃபுட்பாலைத் தவிர வேற எதுக்காவது வாயைத் தொறப்பீங்களா?"

கூடம் சிரித்தது. டோரீனும் சிரித்தார். பிறகு மைக்கைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"தொறப்பேன், மிஸ்டர் பிட்ஹிர்னி. நம்ம ஊருல பஸ் இருந்துச்சு, இப்ப இல்ல. ஹைஸ்கூல் இருந்துச்சு, பசங்க இப்ப ஒரு மணி நேரம் போறாங்க. ஆஸ்பத்திரியில எமர்ஜென்சிய வெள்ளிக்கிழமை பூட்டி திங்கக்கிழமை தொறக்கிறாங்க. நெஞ்சுவலிக்குக் கிழமை தெரியுமா? ஒவ்வொரு தடவையும் வந்து, கொஞ்சம்தானே, காலத்துக்கு ஏத்த மாதிரின்னு சொன்னாங்க. நானும் தலையாட்டினேன். எங்கயாவது ஒரு இடத்துல, போதும்டா, இதுக்கு மேல வெட்டாதேன்னு சொல்லணும். எனக்குக் கோவம் வந்து சேர்ந்த இடம் அந்தப் பத்து கஜம். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. உங்களுக்கு எந்த இடத்துல கோவம் வரும்னு வீட்டுக்குப் போய் யோசிங்க."

யாரும் கைதட்டவில்லை. எங்கள் ஊரில் மனதில் பட்டால் உடனே கைதட்ட மாட்டார்கள். நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். எல்லா நாற்காலிகளும் கிரீச்சிட்டன.

(இந்தப் பேச்சை நான் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியிருந்தால் எப்படியும் வானத்தைக் கொண்டுவந்திருப்பேன்.)

டிரென்ட் பதில் சொல்ல எழுந்தார். "நானும் பெரிய ரசிகன்தாங்க. தோளுல பச்சை அணியோட சின்னம்கூடப் பச்சை குத்தியிருக்கேன். அரசாங்கமும் ஆட்டம் மாதிரித்தான். நாலாவது டவுன் வரும்போது தைரியமா ஒரு முடிவு—"

நின்றுவிட்டார். அவருக்கே கேட்டுவிட்டது.

நாலாவது. அமெரிக்கக் கணக்கு.

பின்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம், தன் காது கேட்கிற சத்தத்தில், "நாலாவதா சொன்னான்?" என்று கேட்டார்.

"மூணு. மூணாவது. நான் மூணுன்னுதான்..." டிரென்டின் காதுமடல் தீயாகச் சிவந்தது. காப்பீட்டில் எதற்கெல்லாமோ பரிகாரம் உண்டு, இதற்கு இல்லை.

மெர்வ் தலையைக் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கட்சி பேட்ஜை மெல்லக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டார். ஒரு மாதத்தில் முதல் முறையாக அக்காவை நிமிர்ந்து பார்த்தார். டோரீன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். மெர்வின் தோளும் குலுங்கத் தொடங்கியது.

6

முடிவுகளைப் பற்றி.

(அ) டோரீன் ஒரே ஓட்டில் ஜெயிக்கிறார். ஒற்றைப் புள்ளிக்கு ஒற்றை ஓட்டு! எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. வசுமதிக்குப் புல்லரிக்கவில்லை. அடித்துவிட்டேன்.

(ஆ) லீக் மனம் மாறிப் பத்து கஜத்தைத் திருப்பித் தரு—

இல்லை. தரவில்லை.

நடந்தது: டிரென்ட் ஜெயித்தார். எங்கள் தொகுதியில் ஆளுங்கட்சி வேட்பாளர் நாலாவது டவுனைப் பற்றி ஒரு முழுப் பாட்டே பாடினாலும் ஜெயிப்பார். ஆனால் வழக்கமான வித்தியாசத்தில் பாதிகூட இல்லை. டோரீன் மூன்றாவது. அவரே எதிர்பார்த்ததைவிட நிறைய ஓட்டு.

ஓட்டுப் பதிவு அன்று காலை மெர்வ் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். டோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து ஏறினார். போட்டுவிட்டு வந்து பை சாப்பிட்டார்கள். பக்கத்து மேசையில் நான் இருந்தேன்.

"யாருக்குடா போட்ட?"

"ரகசிய ஓட்டு, டாக்டர்" என்று மெர்வ் அக்காவின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

கதாசிரியனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரியாது.

7

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று காலை டோரீனின் வீட்டு வாசலில் புதிய சட்டமன்ற உறுப்பினர் நின்றுகொண்டிருந்தார். கையில் நுழைவுச்சீட்டு, தோளில் குழந்தை துப்பிய பால் கறை.

"நானும் உங்களோட வரலாமா? ஆட்டத்தை ஒழுங்காக் கத்துக்கணும்."

டோரீன் தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தார். அறுபது வருடப் பழக்கம்.

"வாப்பா, வா. முன்னாடி வா" என்றார் மெர்வ், அவ்வளவு அன்பாக. "டிரு, நீ பின் சீட்டுக்குப் போ."

(டிரு என்பது நான். திருமாறன் முழுதாக அவர்கள் வாயில் நுழையாது.)

நெடுஞ்சாலை ஏறியதும் டோரீன் கேட்டார். "டிரென்ட், டவுன் எத்தனை?"

"மூணுங்க."

"நல்லது. எமர்ஜென்சி வாரத்துல எத்தனை நாள்?"

"அது வந்து... வண்டிக்குள்ள அரசியல் கூடாதுன்னு சொன்னாங்களே?"

"அது குடும்பத்துக்குள்ள இருக்கற சட்டம்" என்றார் மெர்வ். "மாத்திட்டோம். காலத்துக்கு ஏத்த மாதிரி."

நடுவில் தோளை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த டிரென்ட் அமைச்சர், குழு, ஆய்வு என்று எதையெதையோ சொன்னார். ஒரு பக்கம் அக்கா கேட்டால் மறுபக்கம் தம்பி துணைக்கேள்வி. இடையில் அவர்களே பத்து கஜத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். மெர்வ் தன் கருத்தை இம்மிகூட மாற்றிக்கொள்ளவில்லை, டோரீனும்தான். சண்டை முடிந்ததும் இருவரும் ஒன்றாக டிரென்ட் பக்கம் திரும்பினார்கள். பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல் முறையாக அந்த ரோட்டை நிம்மதியாகப் பார்த்தேன்.

பாதி வழியில் டிரென்ட் நெளிந்தார். பெரிய காபி குடித்துவிட்டு வந்திருந்தார்.

"அடுத்த பெட்ரோல் பங்க்ல ஒரு நிமிஷம் நிறுத்த முடியுமா? அவசரம்."

"அவசரமா?" என்றார் டோரீன். "இன்னிக்கு என்ன கிழமை, மெர்வ்?"

"சனிக்கிழமை."

"அடடா. சனிக்கிழமையில அவசரமெல்லாம் பூட்டியிருக்குமே."

பெட்ரோல் பங்கின் பலகை தூரத்தில் தெரிகிறது. வண்டி வேகம் குறையவில்லை. டிரென்ட் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, எமர்ஜென்சியை ஞாயிற்றுக்கிழமையும் திறந்துவைக்க என்னென்ன செய்யலாம் என்று வாழ்க்கையிலேயே முதல் முறையாகத் தீவிரமாக யோசிக்கிறார். நான் பேனாவிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இனி நிறுத்துவதோ ஓட்டுவதோ உங்கள் பாடு. என்னைக் கேட்டால், டிரென்டிடமிருந்து இன்னும் ஒரு பதில் வரட்டும்.