மாமாவின் மூக்கு

ரோஷினி கக்காத துணி எங்கள் வீட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. என் சேலை, அவள் அப்பா ஹரியின் சட்டை, என் மாமனாரின் துண்டு, எல்லாம் ஆயிற்று. நாலு மாதப் பிள்ளை. குடித்த பாலையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, பொக்கை வாயைத் திறந்து சிரிப்பாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்களுக்கு அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. மாமியார் இல்லாத வீடு என்று என் அம்மா நிம்மதியாகக் கட்டிக்கொடுத்தாள். ஹரியின் அக்கா கோகிலாம்பாள் மதினி அடுத்த தெருவிலேயே வாக்கப்பட்டிருப்பதை அவள் யோசிக்கவில்லை. மதினி காலையில் வந்தால் பொழுது அடைந்துதான் போவாள்.

"உன் பாலு பிள்ளைக்கு ஒத்துக்கலை, சுபத்ரா," என்றாள் ஒருநாள். கையோடு கொண்டுவந்திருந்த பால்பவுடர் டின்னைப் பிரிட்ஜ் மேல் வைத்தாள். "நாளைக்கு டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, உன் பாலை நிப்பாட்டிட்டு இதையே குடுத்துருவோம்."

நான் ஹரியைப் பார்த்தேன். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் நழுவிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு மூடை மிளகாய் வத்தலை உலக்கை இல்லாமலே இடித்திருப்பேன். ஆனால் அன்று பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் பயமாகவும் இருந்தது. என் பிள்ளைக்கு நானே ஆகாதவளாகிவிட்டேனோ என்று நினைத்து நினைத்துக் குமைந்தேன்.

மாமாவைப் பற்றி, அதாவது என் மாமனாரைப் பற்றி, ஒன்று சொல்லியாக வேண்டும். அருஞ்சுனை அண்ணாச்சி என்று ஊர் கூப்பிடும் அவருடைய மூக்கு டவுனுக்கே தெரியும். மூடையைப் பிரிக்காமலே மல்லி புதுச் சரக்கா பழைய சரக்கா என்று சொல்லிவிடுவார். சாம்பார் கொதிக்கும்போது வாசலில் நின்றே, இன்றைக்குப் பெருங்காயம் வேறு கடையில் வாங்கினாயா என்று கேட்பார். பிள்ளை கக்கினால் மட்டும் அந்த மூக்குக்கு வேலை வைக்காமல், துண்டையும் பிள்ளையையும் என்னிடம் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

மறுநாள் எல்லோரும் ஆட்டோவில் ஏறிக் குழந்தை டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா எடை பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார்.

"தாய்ப்பாலைத் தவிர வேற ஏதாவது குடுக்கிறீங்களா?"

"ஒண்ணுமே குடுக்கிறதில்ல," என்றாள் மதினி.

"சொட்டுத் தண்ணிகூடக் கிடையாது," என்றார் மாமா. ஹரி பலமாகத் தலையாட்டினார்.

"அப்ப பாலுதான ஒத்துக்கலை? நிப்பாட்டிரலாம்ல, டாக்டரம்மா?" என்றாள் மதினி.

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் ரோஷினி மாமாவின் தோளில் தாராளமாகக் கக்கினாள்.

மாமா துண்டை உருவினார். பழக்கதோஷம், துண்டு நேராக மூக்குக்குப் போனது. ஒருமுறை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை இழுத்தார்.

"வசம்பு," என்றார். "நம்ம கடைச் சரக்குதான். வாசம் எப்படி நிக்குது பாருங்க."

முகமெல்லாம் பெருமை. பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"யாரு வசம்பு குடுத்தது?" என்றார் டாக்டரம்மா.

மதினி தொண்டையைச் செருமினாள். "காலையில இவ குளிக்கப் போகையில நான்தான் லேசா உரசி நாக்குல தடவுவேன். வாந்தி நிக்கட்டும்னுதான். அது என்ன மருந்தா, வசம்புதான?"

"மத்தியானம் பிள்ளையைக் கடையில வச்சிருக்கையில நானும் ஒரு உரசு உரசுவேன்," என்றார் மாமா.

எல்லோரும் ஹரியைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார். "சாயங்காலம்," என்றார். "வீட்டுல ஒருத்தருமே பிள்ளைக்கு வசம்பு உரசலையேன்னு..."

எங்கள் வீட்டில் வசம்பு உப்பு மாதிரி. அதைக் கொடுத்ததாகவே யாரும் நினைப்பதில்லை. பிள்ளை கக்கக் கக்க, ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் உரசலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

"வாந்தியைக் கிளப்புறதே அந்த வசம்புதான்," என்றார் டாக்டரம்மா. "இந்த வயசுப் பிள்ளைக்குத் துளிகூட ஆகாது. அதை நிப்பாட்டுங்க. அப்பவும் கக்குனா உடனே தூக்கிட்டு வாங்க. பாலுல ஒரு குறையும் இல்ல, அது மட்டும் போதும்."

அதைக் கேட்டதும் நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பால் கொடுத்துப் பிள்ளையைத் தோளில் போட்டேன். மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டோடு எதிரே நின்றார்கள். ஒரு ஏப்பம் வந்தது. அவ்வளவுதான். மதினி பிரிட்ஜ் மேலிருந்த டின்னை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து என் தலையைத் தடவினாள். "நான் சொன்னதை மனசுல வச்சுக்காத, ஆத்தா," என்றாள்.

வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் வசம்பு உரசும் கல்லை எடுத்துவிட்டேன். கதவு காற்றில் அடித்துப் பிள்ளை முழித்துவிடக் கூடாது என்று என் அறைவாசலில் அதை முட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்று பேரும் தினமும் அதைத் தாண்டித்தான் ரோஷினியைப் பார்க்க வருகிறார்கள்.