வலப்புள்ளி, இடப்புள்ளி

என் மாமனார் சடகோபன் வேஷ்டியை வழக்கம்போல் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நர்ஸ் பாக்கியமேரி அவரைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். வேஷ்டிக் கட்டு படாத இடமாகப் பார்த்து, வயிற்றின் இரு பக்கமும் ஊதா மையால் ஒவ்வொரு புள்ளி வைத்தார்.

"மலம் போற பை வலது பக்கம் வந்தா சில மாசத்துல எடுத்துடலாம். இடதுன்னா ஆயுசுக்கும்."

"எந்தப் பக்கம் வரும்?" என்றேன்.

"உள்ளே பார்த்தாத்தான் சார் தெரியும்."

மலக்குடலில் முற்றிய புற்று. கதிர்வீச்சில் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அவர் கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பவர். ஆயுசுக்கும் பை என்றால் அங்கே நிற்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். உடன் இருக்க நான்தான் மிச்சம். அவருடைய ஒரே மகள் ப்ரியம்வதா, என் மனைவி, தை மாதம் இறந்தாள்.

டாக்டர் கமர் ஜஹான் வந்தார். "இடுப்பெலும்புக்குள்ள இடம் ரொம்பக் குறுகல், ஐயா. என் கை போகாத இடத்துக்கு ரோபோ கை போகும். நான் ஓரமா உட்கார்ந்து ஓட்டுவேன்."

"அதுக்கு எத்தனை கை?"

"நாலு."

"எங்க ஸ்ரீரங்கத்துக் கணக்குதான். உள்ளே படுத்திருக்கற பெருமாளுக்கு ரெண்டு கை, வீதியில உலாத்தற உற்சவருக்கு நாலு. நான் படுத்துக்கறேன். நீங்க உலாத்துங்கோ."

டாக்டர் சிரித்துவிட்டார்.

காலை எட்டு மணிக்கு அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தூரத்தில் காவிரிப் பாலம். கண்ணை மூடினேனா, தெரியவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட நான்கு கைகள் ஆற்றுத் தண்ணீருக்கடியில் மணலை விலக்கின. ஓசையே இல்லை. ப்ரியம்வதா படித்துறையில் கால் நனைத்தபடி, "மெதுவா, அப்பாக்கு வலிக்கும்" என்றாள். கைகள் மெதுவாயின. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மூன்று மணிக்குப் பாக்கியமேரி தோளைத் தட்டினார். "கட்டி முழுசா வந்துடுச்சு சார். போய்ப் பாருங்க."

எந்தப் பக்கம் என்று கேட்காமலே உள்ளே போனேன்.

மாமனார் பாதி விழிப்பில் இருந்தார். "எந்தப் பக்கம், மாப்பிள்ளை?"

போர்வையை விலக்கினேன். பை வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கத்துப் புள்ளி அப்படியே இருந்தது.

"வலது, மாமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறக்காமலே, "அந்த இன்னொண்ணை அழிச்சுடுங்கோ" என்றார்.

பாக்கியமேரி பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கொடுத்தார். மாமனாரின் வயிறு சூடாக இருந்தது. ப்ரியம்வதாவின் நெற்றிக்குப் பிறகு நான் யாரையும் தொட்டதில்லை. அது குளிர்ந்திருந்தது. துடைத்தேன். மறுபடி துடைத்தேன். மை வெளுத்தது, போகவில்லை.

"போதும், மாப்பிள்ளை. தோலை உரிச்சுடாதேள்."

இன்னொரு பஞ்சு கேட்டேன்.