மூன்று விரலுக்கு ஒரு கம்ப்யூட்டர்

பச்சியப்பனின் வலது கையில் மூன்று விரல்களை வெட்டிய மாதப்பன்தான் அவனைக் கம்ப்யூட்டர் வாங்க பெங்களூருக்குக் கூட்டிப் போனான். இருவரும் கூடப் பிறந்தவர்கள். மாதப்பன் மூத்தவன். பஸ்ஸில் ஜன்னலோரத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தான்.

சண்டை கிணற்றுத் தண்ணீருக்கு. அண்ணனுக்குத் தண்ணீர் முறை இருந்த அன்று தம்பி மோட்டார் போட்டுவிட்டான் என்று பேச்சு ஆரம்பித்தது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த கொடுவாள் பேச்சை முடித்தது. பச்சியப்பன் கம்பைநல்லூர் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். இப்போது அந்தக் கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

கேஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டது. வாபஸ் வாங்க முடியாத கேஸ். பச்சியப்பன் கூண்டில் ஏறி, கை கரும்பு ஆலையில் சிக்கிக்கொண்டது, யாரும் வெட்டவில்லை என்று மாற்றிச் சொன்னால்தான் மாதப்பன் தப்புவான். ஊர் கூடிப் பேசியது. தம்பி அப்படிச் சொல்ல வேண்டும், அதற்கு அவன் என்ன கேட்டாலும் அண்ணன் கொடுக்க வேண்டும். நிலம் கேட்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"பாட்டுப் போடற கம்ப்யூட்டர் வேணும்" என்றான் பச்சியப்பன்.

எண்பதுகளின் கடைசி அது. கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் என்ன சாமான் என்று தெரியாது. மாரியம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். மாதப்பன் உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். மறுபடி ஏற்றியதைப் பச்சியப்பன் இடது கையால் அணைத்தான்.

"சோத்துக் கையால அணைக்கோணும்ப்பா" என்றார் ஒருவர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தர்மபுரியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த கரீம் பாய் அவர்களோடு பெங்களூருக்கு வந்தார். கடைக்காரன் முதலில் ஒரு மலிவான பெட்டியை எடுத்து வைத்தான். ரப்பர் பொத்தான்கள். அமுக்கினால் எலி கத்துவது போல் ஒற்றைச் சத்தம்.

"இதையே எடுத்துக்க. சத்தம் வருதில்ல?" என்றான் மாதப்பன்.

"மூணு சத்தம் ஒண்ணா வரோணும். அடியில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல பாட்டு."

"மூணு வெரலுக்கு மூணு சத்தமா?" மாதப்பன் தொடையில் தட்டிச் சிரித்தான். கரீம் பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த பெட்டி வெளிநாட்டுச் சரக்கு. கடைக்காரன் ஒரே விரலால் சுரங்களை ஒவ்வொன்றாக அமுக்கி ஏற்றினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெட்டி தானாக வாசித்தது. மூன்று சத்தமும் சேர்ந்து வந்தன. பச்சியப்பன் கடைக்காரனின் கையையே பார்த்தான். ஒரு விரல் போதும். நிதானமாக ஏற்றினால் போதும். வேகத்தை அது பார்த்துக்கொள்ளும். இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தான்.

ஆனால் பெட்டியை அணைத்தால் ஏற்றியதெல்லாம் போய்விடும். அதற்கு முன் வெளியே பதிந்து வைக்க வேண்டும். டிஸ்க்கில் பதியலாம், கேசட்டிலும் பதியலாம்.

"டிஸ்க் தகொள்ளி சார், அதையே எடுத்துக்குங்க" என்றான் கடைக்காரன். "கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள திரும்ப வந்துரும். கேசட்டுன்னா டீ குடிச்சுட்டு வரணும்."

"டிஸ்க் அரூர்ல கெடைக்குமா பாய்?" என்று கேட்டான் பச்சியப்பன்.

"அரூரு என்ன, தர்மபுரியிலயே கெடைக்காது தம்பி. கேசட்டு பொட்டிக்கடையில தொங்குது."

"அப்ப கேசட்டே இருக்கட்டும்."

தப்பு அங்கேதான் நடந்தது. கடையில் இருந்த யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

வீட்டில் பெட்டியை டிவியோடு இணைத்தான். ஸ ரி க ம என்று காகிதத்தில் எழுதிப் பொத்தான்கள் மேல் ஒட்டினான். இடது கை ஆள்காட்டி விரலால் ஏற்றினான். ஒரு வரிக்கு ஒரு பகல் போனது. கோர்ட் நாள் நெருங்கும்போது ஒரு பாட்டு முழுசாக நின்றது. பெண்சாதி ராணியம்மாள் அடுப்பங்கரையிலிருந்து அதோடு சேர்ந்து முனகினாள். விரல் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் பாட்டு.

பாட்டைக் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தபோது மாதப்பன் வந்தான். சாராய வாடை. பெட்டியோடு ஒயரில் இணைத்திருந்த டேப் ரிக்கார்டரில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது.

"நாளான்னிக்குக் கூண்டுல நின்னு தொட நடுங்கக் கூடாது. சொல்லு. கை எப்பிடிப் போச்சு?"

"ஆலையில சிக்கிக்கிச்சு."

"ஆசுபத்திரிக்கு யாரு தூக்கிட்டுப் போனது?"

"எங்கண்ணன்."

"அப்பிடிச் சொல்லு." மாதப்பன் திருப்தியாகக் கட்டிலில் சாய்ந்தான். "உனக்கு ஆயுசு கெட்டிடா. நீ கையத் தூக்கினதால வெரலோட போச்சு. நான் கழுத்துக்குத்தான் வீசினேன்."

ராணியம்மாள் கதவருகில் அப்படியே நின்றாள். கோபத்தில் வீசியது தெரியாமல் கையில் பட்டது என்றுதான் பச்சியப்பன் அதுவரை நம்பியிருந்தான். கற்பூரம் அணைத்ததும் அந்த நம்பிக்கையில்தான். சிவப்பு லைட் அணைந்தது. பதிவு முடிந்தது.

மறுநாள் மத்தியானம் மாதப்பன் மறுபடி வந்தான். குடிக்காமல் வந்திருந்தான்.

"நேத்து அந்த லைட்டு எதுக்கு எரிஞ்சுது?"

"பாட்டப் பதிஞ்சேன்."

வீட்டில் கரண்டு இல்லை. மாதப்பன் பேட்டரி டேப்பில் அந்தக் கேசட்டைப் போட்டு அமுக்கினான். பாட்டு வரவில்லை. கீ என்று நீண்ட அலறல். பிறகு கரகரவென்று தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம்.

"இதுவாடா பாட்டு?"

"அது கம்ப்யூட்டருக்குத்தான் வெளங்கும். அதுல போட்டா பாட்டா வரும்."

"என் பேச்ச இதுக்குள்ள பூட்டி வெச்சிருக்கற. நாளைக்குக் கோர்ட்டுல தெறந்து உடப்போற."

"இல்ல. கரண்டு வரட்டும், போட்டுக் காட்டறேன்."

"கரண்டு வரட்டுமா?"

மாதப்பன் கேசட்டை வெளியே எடுத்து நாடாவை உருவினான். பச்சியப்பன் பாய்ந்து பிடித்தான். இரண்டு விரல் பிடி நிற்கவில்லை. நாடா வழுக்கிக்கொண்டு போனது. மாதப்பன் முழங்காலை மடக்கி அவன் வயிற்றில் இடித்தான். விழுந்தவனின் வெட்டுப்பட்ட கையைச் செருப்புக் காலால் மிதித்து அழுத்திக்கொண்டு, நாடாவைக் கடைசிவரை உருவிச் சுருட்டி அடுப்பில் போட்டான். ராணியம்மாள் அடுப்பை நோக்கி ஓடினாள். அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு பெட்டியைத் தூக்கி வாசல் கல்லில் அடித்தான். ஸ ரி க ஒட்டிய பொத்தான்கள் தெறித்து முற்றத்தில் சிதறின.

பச்சியப்பன் எழுந்தான். ஆட்டுக்கல்லில் குழவி கிடந்தது. இடது கையால் தூக்கினான். மாதப்பன் திரும்புவதற்குள் முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இரண்டாவது காதுக்கு மேலே. மாதப்பன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். ரத்தம் கழுத்து வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது. பச்சியப்பன் மூன்றாவதற்கு ஓங்கினான்.

"வேண்டாங்க" என்றாள் ராணியம்மாள். அவள் நெற்றியும் பிளந்திருந்தது.

குழவியைக் கீழே போட்டான்.

மாதப்பன் வாயில் வந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "இதுவும் நல்லதுதான். நானும் உம்மேல ஒரு கேஸ் போடறேன். ரெண்டையும் சேத்து முடிச்சுக்கலாம். நீ எனக்குப் பொய் சொல்லு, நான் உனக்குச் சொல்றேன். உழுந்துட்டேங்கறேன்."

"நீ சொல்லிக்க. நான் சொல்ல மாட்டேன்."

"உள்ள போவடா நாயே."

"போறேன். நீயும் வருவ."

ராணியம்மாள் முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டாள். "சாமிக்கு முன்னால கற்பூரம் அணைச்சீங்களே."

பச்சியப்பன் முற்றத்தில் கிடந்த ஒரு பொத்தானைக் குனிந்து எடுத்தான். "அதுக்கும் தண்டன இருந்தா வரட்டும்" என்றான்.

பக்கத்துத் தோட்டத்து வண்டியை அவனே கேட்டு வாங்கி வந்தான். அண்ணனைத் தூக்கிப் படுக்க வைத்தான். பக்கத்தில் ராணியம்மாளை உட்கார வைத்தான். இருவரையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான். சட்டை முழுக்க அண்ணனின் ரத்தம்.

ஏட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்னய்யா?"

"எங்கண்ணனக் குழவியால அடிச்சுட்டனுங்க. எழுதிக்கங்க."

ஏட்டு பேனாவை எடுத்தார். பிறகு அவன் கையைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொண்டார். "ஏய், நாளைக்கு உனக்குக் கோர்ட்டு இல்ல? ஆலையில சிக்கிக்கிச்சுன்னு சொல்லப்போறதா ஊரே பேசிக்குது?"

"ஆலை இல்லீங்க" என்றான் பச்சியப்பன். "எங்கண்ணன் வெட்டினது. கழுத்துக்கு வீசினான்."