காறையில் ஈயம்

என் வீட்டுக்காரருக்குப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை. "மாஸ்க் போடுறீங்களா?" என்று கேட்டால், "மூணு வருஷமா கழட்டினதே இல்ல" என்பார். எனக்கு நம்பிக்கை இல்லை. மாத்திரை போட்டாச்சு என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே எறிகிற ஆள் அவர். ஈயப்புகை உள்ளே போனால் சும்மா விடுமா? அந்தப் பயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

நான் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே கருவியில் வேலை பார்ப்பவள். எதன்மேல் கதிர் பட்டாலும் அதில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டிவிடும். பல்லில் கல்லாக இறுகும் காறையோ வருடக்கணக்காக அடுக்கடுக்காகப் படிகிற சமாச்சாரம். பல்லை ஒட்டிய பக்கம் பழசு, வெளிப்பக்கம் புதுசு. போதாதா? அவரைப் பல் டாக்டரிடம் இழுத்துப்போய், கீழ்ப்பல்லின் பின்னாலிருந்து அரிசியளவு ஒரு துண்டைப் பெயர்த்து வாங்கிவந்தேன்.

மறுநாள் காலை அதைக் குறுக்கே வெட்டி, தகட்டில் ஒட்டி, பல் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம்வரை கதிரை நகர்த்தினேன். கால்சியம் எங்கும் ஒரே உயரம். ஈயம் மட்டும் ஒன்றுமில்லாமல் தொடங்கி, போகப்போக ஏறியது. அப்படியென்றால் புது அடுக்கில்தான் ஈயம் அதிகம்! உடனே போன் போட்டேன்.

"மூணு வருஷமா மாஸ்க்காம் மாஸ்க்கு! என்னை என்ன கேனைன்னு நெனச்சீங்களா?"

"சத்தியமா போடுறேம்மா."

"வாயைத் திறக்காதீங்க!" வைத்துவிட்டேன். அழுகை வேறு.

பக்கத்து மேசைக்காரி துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். "அக்கா, பல்லோட ஒட்டியிருந்த பக்கம் வழவழன்னுதானே இருக்கும்? நீங்க ஆரம்பிச்ச ஓரம் சொரசொரன்னு இருக்கே."

திருப்பி ஒட்டியிருக்கிறேன்! 'பக்கம் பாத்து வைங்க' என்று ஊரையே விரட்டுகிற நான். அப்படியானால் ஈயம் இருப்பது மாஸ்க் போடுவதற்கு முன் படிந்த பழைய அடுக்கில்; புது அடுக்கில் மருந்துக்கும் இல்லை. என் வயிற்றில் பாலை வார்த்தாள் மகராசி.

மதியமே பட்டறைக்கு ஓடினேன். மாஸ்க்கும் வேர்வையுமாக வாசலுக்கு வந்தார். விஷயத்தைச் சொல்லி, "தப்பு என்மேலதான். மன்னிச்சுடுங்க" என்றேன்.

"மூணு வருஷமா நான் சொன்னேன், நம்பல" என்றார். "என் பல்லழுக்கு சொன்னதும் நம்பிட்ட."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.