காய்ச்சலுக்குக் கைதட்டியவள்

“நூத்திரண்டு!” என்று தெர்மாமீட்டரைத் தூக்கிப் பிடித்துக் கத்தினாள் தங்கை. கத்தியதோடு விடாமல் கையும் தட்டினாள். காய்ச்சலுக்குக் கைதட்டிய ஆள் உலகத்திலேயே அவளாகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “களத்துல இறங்கிட்டாங்கடி நம்ம பசங்க!”

பசங்க என்றால் அவனுடைய ரத்தத்திலிருந்த நோய் எதிர்ப்பு அணுக்கள். ரத்தப் புற்று எந்த மருந்துக்கும் மசியாமல் போனதும், டாக்டரம்மா அவற்றைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். புற்றணுவை அடையாளம் கண்டு அடிக்கும்படி அங்கே அவற்றை மாற்றிப் பெருக்கினார்கள். போன வாரம்தான் ஒரு சின்னப் பையில் திரும்பி வந்து அவன் உடம்பில் ஏறின. “பெத்த பிள்ளைங்களை வெளியூருக்கு அனுப்பிப் படிக்க வச்ச மாதிரி இருக்கு” என்றான் அன்றைக்கு. சண்டை தொடங்கினால் காய்ச்சல் வரும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, நெற்றியைத் தொட்டுத் தொட்டு அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள் தங்கை.

சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். டம்ளர் அவன் கையில் தடதடவென்று ஆடியது.

“அண்ணா, கை நடுங்குது. நடுக்கம் வந்தா உடனே சொல்லணும்னாங்களே?”

அவன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். “மூச்சு விடாதே. சொன்னா மருந்து குடுத்துப் பசங்களை அடக்கிடுவாங்க. நான் எத்தனை பேருக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்திருக்கேன்! கத்துக்கறவன் வேகம் எடுக்கறப்ப பக்கத்துல உட்கார்ந்திருக்கறவன் பிரேக்கை மிதிச்சா, அவனுக்கு ஜென்மத்துக்கும் வண்டி வராது.”

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டாக்டரம்மா வந்து கேட்டபோது, “சூப்பரா இருக்கேன்” என்றான். அவளும் வாயைத் திறக்கவில்லை. சோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மதியம் அவளை ஏற இறங்கப் பார்த்தவன், “யாரும்மா நீ? லைசென்ஸ் எடுக்கணுமா?” என்றான். வழக்கமான கிண்டல் என்று சிரித்தாள். மறுபடியும் அதையே கேட்டான். இந்தத் தடவை அவளுக்குப் பகீரென்றது. வராந்தாவுக்கு ஓடி டாக்டரம்மாவைப் பிடித்தாள்.

“காலையிலிருந்தே கை நடுங்குது டாக்டர். பசங்களை அடக்கிடுவீங்கன்னு பயந்து சொல்லல.”

“அடக்கினாலும் அதுங்க வேலை நிக்காதும்மா. அடக்காம விட்டாத்தான் உடம்பு தாங்காது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றபடியே டாக்டரம்மா ஓடினார்.

மருந்து ஏறியது. ரத்த அழுத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. சாயங்காலம் அவன் போய்விட்டான்.

வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் டாக்டரம்மா வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இப்ப இதைச் சொல்லலாமான்னே தெரியல. காலைல எடுத்த ரத்தத்துல... புற்றணு ஒண்ணுகூட இல்லம்மா.”

பாழாய்ப்போன மனசு அந்த நேரத்திலும் துள்ளியது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எழுந்து அறைக்குள் ஓடினாள். கட்டிலில் குனிந்து அவன் காதருகே வாயை வைத்தாள்.

“அண்ணா, ஒண்ணுகூட இல்லையாம்! நம்ம பசங்க ஓட ஓட விரட்டிட்டாங்க. ஒருத்தனையும் விடல.”

அவன் கையிலிருந்த ஊசியைக் கழற்ற வந்த நர்ஸ், அவள் சொல்லி முடிக்கட்டும் என்று கதவருகிலேயே நின்றுகொண்டாள்.