படத்தில் நின்றவன்

சன்னல் கம்பியில் செருகிய கண்ணாடித் துண்டின் முன்னால் நின்று இளங்கோவன் மீசையைக் குறைத்துக்கொண்டிருந்தான். கை நடுங்கியது. மனைவி வேதநாயகி கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள்.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம். தம்பி முனிக்கு இவ்ளோ அடர்த்தி இல்ல" என்றான்.

"வாயை மூடுங்க, உதட்ட வெட்டிடப்போறேன்."

"வெட்டு. உன் கார்டுல அதுக்கும் தையல் போடுவாங்க இல்ல?"

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அவள் தையல் வேலை பார்த்தாள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அரசாங்க இன்சூரன்ஸ் கார்டு கொடுத்திருந்தார்கள். புருஷனுக்கும் அதில் வைத்தியம் உண்டு. கார்டில் குடும்பப் படம் ஒட்ட வேண்டும். படம் எடுக்கிறவர் கம்பெனி வாசலுக்கு வந்த அன்று இளங்கோவன் குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். "புருஷன் இல்லாம படம் செல்லாது, யாரையாச்சும் நிக்க வைம்மா" என்று சூப்பர்வைசர் விரட்டினார். அண்ணனின் நீலக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தம்பி முனிராஜ் வந்து நின்றான். "அக்கா, ஆளையே மாத்திட்டியா?" என்று கூட வேலை செய்த பெண்கள் வெகுநாள் கேலி செய்தார்கள்.

இப்போது, எத்தனையோ வருடச் சண்டைக்குப் பிறகு, "என்னைக் கொண்டுபோய்ச் சேத்துடு" என்று இளங்கோவனே வாய்விட்டுச் சொல்லியிருந்தான். டிஸ்பென்சரி டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியின் குடி மறப்பு வார்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கார்டு செல்லுபடியானால் செலவு கிடையாது. செல்லாவிட்டால் அவள் சம்பளத்தில் அந்த வார்டின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. அதனால்தான் அந்த மீசையும், அதே நீலக்கோட்டுச் சட்டையும்.

ஆஸ்பத்திரி கவுண்டரில் சேஷகிரி என்ற குமாஸ்தா கார்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார்.

"யாரம்மா இது?"

"எங்க வீட்டுக்காருங்க சார். ஒடம்பு எளச்சிட்டாரு."

"காதும் எளச்சுப்போச்சா?"

இளங்கோவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது என் தம்பி சார். படம் எடுத்த அன்னிக்கு நான் குடிச்சிட்டுக் கெடந்தேன். அதுக்குத்தானே இங்க வந்திருக்கேன்."

"ஆகல்லம்மா" என்று சேஷகிரி கன்னடத்தில் கையை விரித்தார். "படத்துல இருக்கறவரைக் கூட்டிட்டு வாங்க, இப்பவே பெட் தரேன்."

"அவன் டீ கூட குடிக்கமாட்டான் சார்!" வேதநாயகி கத்தியே விட்டாள்.

"நான் என்ன பண்றது? புதுப் படம் ஒட்டி, கம்பெனி சீல் வாங்கி, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

அவள் அரை நாள் லீவு போட்டு அலைந்தாள். பழைய படம் பொய் என்று எழுதிக் கொடுத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டு கம்பெனி கையை உதறியது. இன்சூரன்ஸ் ஆபீஸில் கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். விரட்டி நிற்க வைத்த சூப்பர்வைசர் வேறு யூனிட்டுக்குப் போயிருந்தார்.

வீட்டில் இளங்கோவன் குடியை ஒரேயடியாக நிறுத்தியிருந்தான். "சுத்தமா போய் நின்னா அந்த ஆளு மனசு எறங்குவான், பாரேன்" என்றான். ராத்திரியெல்லாம் வேர்த்துக்கொட்டியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தான். குடியை விட்டால் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள்; முனிராஜும் அப்படித்தான் சொன்னான். மூன்றாம் நாள் மாலை வலிப்பு வந்தது. விட்டுவிட்டு மறுபடி வந்தது. ஆட்டோவிலேயே அவன் தலை அவள் மடியில் கனத்துப்போனது.

"இத்தனை வருஷம் குடிச்சவர் வீட்டுல இருந்துக்கிட்டு திடீர்னு நிறுத்தலாமாம்மா? ஆஸ்பத்திரியில சேத்துல்ல நிறுத்தணும்?" என்று எமர்ஜென்சி டாக்டர் கடிந்துகொண்டார்.  வேதநாயகி கார்டை அவர் முன்னால் நீட்டினாள். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, பேரை எடுக்க இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனாள். சிவப்பு மையில் 'இளங்கோவன்' மேல் ஒரு கோடு போட்டார்கள்.

"படம்?" என்றாள்.

"படத்தை மாத்தணும்னா அவரே நேர்ல வரணும்மா."

இன்றும் காய்ச்சல் மாத்திரைக்கு அந்தக் கார்டைத்தான் நீட்டுகிறாள். அதில் அவள் பக்கத்தில் நீலக்கோட்டுச் சட்டையில் முனிராஜ் நிற்கிறான்.